ஃப்ரிட்ஜுக்கும் நாடி பாருங்கள்!

தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு அம்மா என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். வயது நாற்பத்திரண்டு. முகம் சிவந்து, கழுத்திலும் மார்பிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு.

"டாக்டர், எனக்கு மீனே ஆவ மாட்டேங்குது. சாளைக் குழம்பு ஊத்திச் சாப்பிட்டா அரை மணி நேரத்துல மூஞ்சியெல்லாம் எரியுது. உடம்பு பூரா அரிக்குது. தலை வெடிச்சிரும் போல இருக்கு."

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்து மீன் இல்லாமல் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், தடிப்பைப் பார்த்தேன். 'கரப்பான்' என்று சீட்டில் எழுதினேன். மருந்து கொடுத்து, மீன், கருவாடு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிப் பத்தியமும் வைத்தேன். மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. என் மருந்துதான் வேலை செய்கிறது என்று எனக்கும் ஒரு பெருமை!

அடுத்த மாதம் அதே அம்மா, அதே தடிப்பு. இந்தத் தடவை கணவரும் கூட வந்திருந்தார்.

"பத்தியத்தை முறிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"கோயில் கொடைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன் டாக்டர். அங்க மூணு நாளும் சாளை, அயிலைன்னு நல்லாத்தான் சாப்பிட்டேன். ஒண்ணும் பண்ணல. சரி, குணமாயிருச்சுன்னு நெனைச்சு எங்க வீட்டுல ஆக்கித் தின்னேன். மறுபடி வந்துட்டுது!"

அப்போதுதான் கணவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் அன்னைக்கு மூஞ்சி சூடா இருந்துச்சு சார். லேசாத் தலைவலி. பிரஷரா இருக்கும்னு விட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மீன், அதே உடம்பு, வீடு மட்டும்தான் வேறு. ஒரே குழம்பைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் முகம் சிவந்தால், கோளாறு உடம்பிலா, குழம்பிலா?

"மீன் என்னைக்கு வாங்குவீங்க? என்னைக்கு ஆக்குவீங்க?"

"ஞாயித்துக்கிழமை வாங்குவோம். பாதியை அன்னைக்கே ஆக்கிருவேன். மீதியை ஃப்ரீஸர்ல போட்டு புதன்கிழமை, இல்லாட்டி வியாழக்கிழமை ஆக்குவேன்."

"தடிப்பு வந்தது எந்தக் கிழமை?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாமே புதன் அல்லது வியாழன்!

நோய் என்ன, அது எதிலிருந்து வந்தது என்று முதலில் தேடு, பிறகு மருந்தைத் தேடு என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமும் அதுதான். நான் நோயைப் பார்த்தேன், நோயின் முதலைப் பார்க்கத் தவறிவிட்டேன். அது அந்த அம்மாவின் அடுப்படியில், ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது.

மீனுக்குள் என்ன நடக்கிறது?

சாளை, அயிலை, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே அதிகம். மீன் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் சில கிருமிகள் பெருகி, இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பு சுரக்கிறதே, அதே ஹிஸ்டமின்தான். அது வெளியிலிருந்து தட்டில் வந்து விழுந்தாலும் அதே ஆட்டம்தான் ஆடும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும்.

இதில் மோசமான விஷயம் இரண்டு. ஒன்று, மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், நாற்றமும் தெரியாமல் போகலாம். இரண்டு, எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மறுபடி ஃப்ரீஸரில் போட்டாலும் அழியாது. உருவானது உருவானதுதான்.

மீன் மட்டும்தானா? சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியும், கைப்புண்ணிலிருந்து உணவுக்குத் தொற்றும் ஒரு வகைக் கிருமியும் கக்கும் நஞ்சுகளும் கொதிக்க வைத்தால் போகாதவை. "சூடு பண்ணிட்டா எல்லாம் செத்துரும்" என்பது நம் வீடுகளில் உள்ள பெரிய தப்பு நம்பிக்கை. கிருமி சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது.

அதனால்தான் ஃப்ரிட்ஜில் 'கூலிங் இல்லை' என்பது மெக்கானிக் சமாச்சாரம் மட்டுமல்ல, வைத்தியர் சமாச்சாரமும்கூட.

பெட்டி எப்படிக் குளிர்கிறது?

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதே கதைதான் இங்கேயும். ஃப்ரீஸர் சுவரில் ஓடும் குழாய்க்குள் ஒரு வாயு, திரவ நிலையிலிருந்து ஆவியாகி, உள்ளே உள்ள சூட்டை வாங்கிக்கொள்கிறது. அடியில் இருக்கும் கம்ப்ரஸர் அதை அழுத்தி, பின்புறமோ பக்கவாட்டிலோ உள்ள குழாய்க்கு அனுப்புகிறது. அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகி உள்ளே போகிறது. ரத்த ஓட்டம் மாதிரி ஓயாத சுற்று.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீஸர் சுவரே குளிர்ந்து, அதிலேயே ஐஸ் படியும். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் குளிர்க் குழாய் ஃப்ரீஸரின் பின்பலகைக்குள் ஒளிந்திருக்கும். ஒரு ஃபேன் அந்தக் குளிர்காற்றை மேலும் கீழும் அனுப்பும். குழாயில் படியும் ஐஸை ஒரு சின்ன ஹீட்டர் அவ்வப்போது உருக்கி, தண்ணீராக வெளியேற்றும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறைக் கண்டுபிடித்த மாதிரி.

முதலில் காய்ச்சலை அளங்கள்

"கை வெச்சுப் பார்த்தேன், ஜில்லுன்னுதான் இருக்கு" என்றுதான் அந்த அம்மாவும் சொன்னார். கை பொய் சொல்லும். மே மாத வெயிலில் நிற்பவருக்கு 12 டிகிரியும் ஜில்லென்றுதான் இருக்கும். ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். கீழ்ப்பகுதி 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 'ஐஸ் கட்டுது, அப்போ நல்லாத்தான் இருக்கு' என்பதும் சரியில்லை. தண்ணீர் 0 டிகிரியிலேயே உறைந்துவிடும். மீன் பத்திரமாக இருக்க அது போதாது.

ஃப்ரிட்ஜுக்கென்றே தெர்மாமீட்டர் கடைகளில் கிடைக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்துவிடாதீர்கள், அது உடம்புச் சூட்டுக்கு மட்டும்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, கீழ்ப்பகுதி நடுத்தட்டில் ராத்திரி வையுங்கள். கதவைத் திறக்காமல் விடிந்ததும் முதல் வேலையாகப் பாருங்கள். ஃப்ரீஸரில் இரண்டு உறைந்த பொட்டலங்களுக்கு நடுவில் செருகி இதே மாதிரி பாருங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையா? உங்கள் வீட்டு இட்லி மாவே சொல்லும். எப்போதும் மூன்று நாள் தாங்கும் மாவு மறுநாளே புளித்துப் பொங்கினால் அது முதல் எச்சரிக்கை. பால் திரிவது இரண்டாவது. ஐஸ்க்ரீம் குழைவது மூன்றாவது.

வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, ஐஸின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. உள்ளே இறங்கி உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது கரண்ட் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த மீனையும் கறியையும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

நீங்களே செய்யக்கூடிய ஏழு சோதனைகள்

சித்த மருத்துவத்தில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகைத் தேர்வு உண்டு. ஃப்ரிட்ஜுக்கு அவ்வளவு வேண்டாம். தொட்டும் பார்த்தும் கேட்டும் ஏழு சோதனை செய்தால் போதும். என்னிடம் இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்க வருகிற ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தம்பி ஒருவரோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டவை இவை. பின்பக்கம் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஈரக் கையோடும், ஈரத் தரையில் வெறுங்காலோடும் வேண்டவே வேண்டாம்.

1. கரண்ட்: உள்ளே லைட் எரிகிறது என்பதால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். வோல்டேஜ் குறைந்தால் லைட் மங்கலாக எரியும், ஆனால் கம்ப்ரஸர் கிளம்பாது. பிளக் தளர்ந்திருக்கிறதா, கருகியிருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடும் கிரைண்டரோடும் சேர்த்துச் செருகாமல், நேராகச் சுவர் பிளக்கில் எர்த்தோடு கொடுங்கள்.

2. குமிழ்: உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் குமிழில் எண் கூடினால் குளிர் கூடும். பலரும் 1 என்றால்தான் அதிகக் குளிர் என்று நினைக்கிறார்கள். சாமான் வைக்கும்போது பாத்திரம் இடித்துக் குமிழ் திரும்பியிருக்கவும் கூடும்.

3. கதவு ரப்பர்: ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்து இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும். தானாக நழுவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்துவிட்டது. கதவைச் சுற்றி நாலு பக்கமும் பாருங்கள். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, எரிகிற டார்ச்சை உள்ளே வைத்து மூடிப் பார்த்தாலும் வெளிச்சம் கசிகிற இடம் தெரியும். பல வீடுகளில் குற்றம் ரப்பரில் இல்லை, அதில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அழுக்கிலும்தான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகிவிடும். வளைந்த ரப்பரை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்து, நீவி மூடிவையுங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

4. மூச்சு விட இடம்: சூட்டை வெளியே தள்ளும் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அது எங்கே தள்ளும்? பின்னாலும் பக்கத்திலும் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலோ, ஜன்னல் வெயிலிலோ வைக்காதீர்கள். பின்னால் கருப்புக் கம்பிவலை இருந்தால் அதில் தூசி போர்வை மாதிரி படிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷால் தட்டுங்கள். புது மாடல்களில் குழாய் பக்கச் சுவருக்குள் இருக்கும். பக்கச் சுவர் சூடாக இருப்பது நோயல்ல, பயப்படாதீர்கள்.

5. வயிறு: அரை வயிறு உணவு, கால் வயிறு தண்ணீர், மீதி காலியாக இருக்கட்டும் என்று உங்களுக்குச் சொல்கிறோமே, ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதிக்கும் அது பொருந்தும். காற்று ஓட இடம் வேண்டும். மாவுத் தூக்கு, காற்று வரும் துளையை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. கொதிக்கிற சாம்பாரை அப்படியே உள்ளே வைக்காதீர்கள், வெளியேயும் ராத்திரி முழுக்க விடாதீர்கள். அகலப் பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். ஃப்ரீஸர் மட்டும் இதற்கு நேர்மாறு. நிறைந்திருந்தால்தான் குளிரைப் பிடித்து வைக்கும். காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள்.

6. ஐஸ்: ஒற்றைக் கதவு ஃப்ரீஸரில் ஐஸ் கால் அங்குலம் ஏறிவிட்டால் உருக்கிவிட வேண்டும். ஐஸே ஒரு கம்பளியாகி, குளிர் வெளியே வர விடாது. 'எவ்வளவு ஐஸ் கட்டியிருக்கு பாரு, சூப்பர் கூலிங்' என்பது தப்புக் கணக்கு.

7. சத்தம்: காது கொடுத்துக் கேளுங்கள். கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று ஓடினால் சரி. சில நிமிடத்துக்கு ஒரு முறை 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்து ஓடாமல் நின்றால், வோல்டேஜ் போதவில்லை, அல்லது ரிலே கெட்டுவிட்டது, அல்லது கம்ப்ரஸரே திணறுகிறது. அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது நல்லது. இரட்டைக் கதவில் ஃபேன் சத்தம் கேட்கிறதா? பல மாடல்களில் கதவைத் திறந்தால் ஃபேன் நின்றுவிடும். அதனால் கதவு சுவிட்சை விரலால் அமுக்கிப் பிடித்துக் கேளுங்கள். அமுக்கும்போது லைட்டும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கதவை மூடிய பிறகும் உள்ளே லைட் எரிந்து சூடு ஏற்றிக்கொண்டிருக்கும்.

இருபத்து நாலு மணி நேர சிகிச்சை

இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் ஒரு விசேஷமான நோய் உண்டு. ஐஸ் உருக்கும் ஹீட்டரோ, அதை இயக்கும் பாகங்களோ கெட்டுவிட்டால், பின்பலகைக்குள் குழாயைச் சுற்றி ஐஸ் கட்டி, காற்று வழியை அடைத்துவிடும். முதலில் கீழ்ப்பகுதி வெதுவெதுக்கும். பிறகு ஃப்ரீஸரும் தளரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: சாமான்களைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து, கீழே பழைய துணிகளைப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். பிறகு மூடி ஓடவிட்டு, மறுநாள் அளந்து பாருங்கள். குளிர் சரியாகி, சில நாளிலோ ஒரு வாரத்திலோ மறுபடி தளர்ந்தால் நோய் இதுதான். கேஸ் அல்ல!

அந்த அம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் இரட்டைக் கதவு. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வீட்டைக் கழுவுவார். வியாழன் ராத்திரியே ஃப்ரிட்ஜை அணைத்துத் திறந்து வைத்து, காலையில் துடைப்பார். ஐஸ் உருகிவிடும். சனி, ஞாயிறு, திங்கள் நல்ல குளிர். செவ்வாய், புதனில் மறுபடி அடைத்துக்கொள்ளும். ஃப்ரீஸரில் இருந்த சாளை குழைய ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் மறுபடி 'குணம்'! அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்தது முறைக் காய்ச்சல். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அடிக்கிற காய்ச்சலை, இல்லாத நாளில் வந்து பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

இவை மட்டும் வேண்டாம்!

கத்தி, கரண்டி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் கொண்டு ஐஸைக் குத்தாதீர்கள். ஒற்றைக் கதவு ஃப்ரீஸரின் சுவருக்குள்ளேயே வாயுக் குழாய் ஓடுகிறது. ஒரு குத்து, 'உஸ்' என்று ஒரு சத்தம், ஃப்ரீஸர் முடிந்தது. இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஐஸோபியூட்டேன் என்ற, தீப்பற்றக்கூடிய வாயு. அளவு கொஞ்சம்தான், ஆனாலும் விளையாட்டல்ல. அப்படி ஓட்டை விழுந்துவிட்டால் அடுப்பையும் விளக்கையும் அணையுங்கள். ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். அந்த அறையில் எந்த சுவிட்சையும் தொடாமல், வெளியே உள்ள மெயினை அணையுங்கள். ஐஸ் சீக்கிரம் உருக வேண்டுமானால், பிளக்கைக் கழற்றிய பிறகு ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்தினால் போதும்.

மெக்கானிக் வந்தால்...

"கேஸ் போயிருச்சும்மா, ஏத்திரலாம்" என்றுதான் பல இடங்களில் முதல் வார்த்தையே வரும். அந்த அம்மா வீட்டில் வேறொருவர் இரண்டு தடவை கேஸ் ஏற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு விஷயத்தை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: ஃப்ரிட்ஜ் கேஸ், அடுப்பு கேஸ் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் வருடக்கணக்கில் அப்படியே சுற்றும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அதனால் கேளுங்கள்: "தம்பி, கேஸ் கொறைஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க? எங்க லீக் ஆகுது? அடைச்ச பிறகு லீக் இல்லைன்னு காட்டுவீங்களா? இந்தப் பெட்டிக்கு எந்த கேஸ்? மாத்துற பழைய பாகத்தை என்கிட்ட தருவீங்களா?" நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார், சந்தோஷமாகச் சொல்லுவார். எந்த கேஸ் என்பது பின்னால் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும். கேஸ் உண்மையிலேயே குறைந்தால் ஒற்றைக் கதவு ஃப்ரீஸரில் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் படியும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். இதை நீங்களே பார்க்கலாம்.

அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த பெரிய ஃப்ரீஸர் இரண்டு நாள்கூடத் தாங்கும் என்று அமெரிக்காவில் கணக்குச் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீஸருக்கும் அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த மீன், கறி, பால், சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் குப்பைக்கு. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃப்ரீஸரில் இருந்த கறியில் இன்னும் ஐஸ் துகள் தெரிந்து கெட்டியாக இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், அல்லது உடனே சமைத்துவிடலாம். ஐஸ்க்ரீம் உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்கக் கூடாது. நெய், ஊறுகாய், முழுக் காய், முழுப் பழம் ஆகியவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க! பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீஸரில் வைக்கவே கூடாது, ஐஸ் படியும் சுவரை ஒட்டியும் கூடாது. ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. ஃப்ரிட்ஜ் கெட்டது தெரியாமல் வீரியம் குறைந்த மருந்தைப் போட்டுக்கொண்டு, 'சர்க்கரை ஏன் ஏறுது' என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அவசரத்துக்கு, இன்சுலினைத் தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் போட்டு, ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். அறைச் சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அது ஃப்ரிட்ஜுக்கு ஈடல்ல. சந்தேகம் வந்தால் புது மருந்து வாங்குங்கள், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த வைத்தியனான நானே இதைச் சொல்கிறேன்.

எங்கள் மருந்துகளைப் பற்றியும் கேட்பீர்கள். சூரணமும் லேகியமும் ஈரமில்லாத டப்பாவில் வெளியே இருந்தாலே போதும். குடிநீர், அதாவது கஷாயத்துக்கு ஆயுள் ஒரு சாமம், மூன்று மணி நேரம். காலையில் போட்டதை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் குடிக்காதீர்கள்.

அந்த அம்மா என்ன ஆனார்?

அன்றைக்கே நான் மீனை நிறுத்தச் சொன்னேன். மெக்கானிக் தம்பியை வீட்டுக்கு அனுப்பினேன். பின்பலகையைக் கழற்றியதும் குழாய் முழுக்க ஐஸ் பாறை. ஹீட்டர் எரிந்துபோயிருந்தது. அதை மாற்றினார். கேஸ் துளிகூடக் குறையவில்லையாம்! இப்போது தெர்மாமீட்டர் எல்லாக் கிழமையும் மைனஸ் 18 காட்டுகிறது.

உடனே மீன் சாப்பிடச் சொன்னேனா? இல்லை. உண்மையான மீன் அலர்ஜியும் இதே மாதிரிதான் ஆரம்பிக்கும். வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துச் சோதிக்கிற விஷயம் அல்ல அது. மூச்சு இறைத்தாலோ, உதடு, நாக்கு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எந்த வைத்தியரையும் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. அவரைத் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். சோதனையில் அலர்ஜி இல்லை என்று சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் அம்மா மீனைத் தொட்டார்.

போன மாதம் கணவருடைய முழங்கால் வலிக்காக வந்தார்கள். "இப்பல்லாம் வியாழக்கிழமையும் சாளைதான் டாக்டர், ஒண்ணும் பண்ணல" என்று சிரித்தார். அவருடைய பழைய சீட்டை எடுத்து, அதில் 'கரப்பான்' என்று நான் எழுதியிருந்ததை அவர் முன்னாலேயே அடித்தேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது 'திடீர்னு மீன் ஒத்துக்கல', 'அடிக்கடி வயிறு சரியில்ல' என்றால் வைத்தியரிடம் வாருங்கள், தாராளமாக. வருவதற்கு முதல் நாள் ராத்திரி, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் நாடியோடு அதன் நாடியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்!